பெந்தம் அச்சிடாத கட்டுரை

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்குப் போனால் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். எலும்புக்கூடு அவருடையது, உடுப்பும் அவருடையதுதான். தலை மட்டும் மெழுகு. அவரே உயில் எழுதிச் செய்துவைத்த ஏற்பாடு!

செத்த பிறகு ஊரறிய உட்காரத் துணிந்த இந்த மனிதர், உயிரோடிருந்தபோது ஒரு கட்டுரையை வெளியே விடவில்லை. 1785 வாக்கில் எழுதியது. ஆணும் ஆணும் உறவு கொண்டால் இங்கிலாந்தில் அப்போது தூக்கு. அந்தக் கட்டுரையில் பெந்தம் கேட்ட கேள்வி நேரானது: இருவரும் மனமொப்பிச் செய்வதில் யாருக்கு என்ன கெடுதல்? கெடுதல் இல்லையென்றால் தண்டனை எதற்கு? மக்கள்தொகை குறைந்துவிடும், நாட்டின் வீரம் போய்விடும் என்ற வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிவிடுகிறார். பழைய கிரேக்கர்களும் ரோமர்களும் போரில் சளைத்தவர்களா என்ன?

இத்தகைய உறவுக்காகப் பரிந்து பேசினால் தன் மேலேயே சந்தேகம் விழும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. நியாயமான அச்சம்தான். அவர் 1832இல் காலமானார். இந்த உறவுக்கான மரண தண்டனை 1861இல் நீங்கியது. 1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது நிரம்பிய ஆண்களின் அந்தரங்க உறவு குற்றமல்ல என்றாயிற்று. கட்டுரை அச்சேறியதோ 1978இல்!