கலோரிக் கணக்கில் கைக்கடிகாரம் எவ்வளவு கெட்டி?

டிரெட்மில்லில் ஏறி, உங்கள் எடையைப் பதியாமலே பட்டனை அழுத்திப் பாருங்கள். பல இயந்திரங்கள் அப்போதும் கூசாமல் ஒரு கலோரி எண்ணைக் காட்டும். ஏறியிருப்பது 50 கிலோ கல்லூரி மாணவியா, 90 கிலோ மாமாவா என்று அதற்குத் தெரியாது. தயாரிக்கும்போதே பதித்து அனுப்பிய ஏதோ ஒரு எடையை வைத்துக் கணக்குப் போட்டுவிடும். கைப்பிடியில் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு நடந்தாலும் அந்த எண் குறையாது. உண்மையில் செலவாகும் சக்தி மட்டும் குறைந்துபோயிருக்கும்.

ஸ்மார்ட் வாட்ச் இதைவிட விவரமானது. வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என எல்லாம் கேட்டு வைத்துக்கொள்கிறது. நாடித் துடிப்பையும் விடாமல் எண்ணுகிறது. ஆனாலும் அது கலோரியை அளப்பதில்லை, ஊகிக்கிறது.

அளக்க வேண்டுமானால் மூச்சைப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் 1890களில் ஓர் ஆள் நாள்கணக்கில் தங்கக்கூடிய மூடிய அறை ஒன்றை அமைத்தார். உள்ளே இருப்பவர் சாப்பிடுவார், தூங்குவார், நிலைச் சைக்கிள் மிதிப்பார். அவர் உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் மூச்சுக் காற்றையும் வெளியே இருந்து அளப்பார்கள். இன்று அறைக்குப் பதிலாக முகமூடி வந்துவிட்டது. உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 5 கலோரி செலவு. எரிவது கொழுப்பானால் 4.7, மாவுச்சத்தானால் 5.05. (பேச்சுவழக்கில் நாம் கலோரி என்பது கிலோ கலோரியைத்தான்.) வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துப் பார்த்தால் எது எவ்வளவு எரிந்தது என்பதும் தெரிந்துவிடும். இதில் பிழை சில சதவீதத்தைத் தாண்டாது.

இந்த முகமூடிக் கணக்கோடு கைக்கடிகாரக் கணக்கை ஒப்பிட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அதிகம் பேசப்படுகிறது. 60 பேர், ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட் சர்ஜ், சாம்சங் கியர் எஸ்2 உட்பட ஏழு கருவிகள். உட்கார்ந்தும் நடந்தும் ஓடியும் சைக்கிள் மிதித்தும் பார்த்தார்கள். நாடித் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது பிசகியது 93 சதவீதம்! அந்த மாடல்கள் பழசாகிவிட்டன, உணரிகளும் மேம்பட்டிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் சிக்கல் உணரியில் இல்லை. துடிப்பைச் சரியாக எண்ணிய அதே கருவிதானே கலோரியில் சறுக்கியது?

துடிப்பிலிருந்து கலோரிக்குத் தாவும் இடத்தில்தான் ஓட்டை. வேலை கூடினால் ஆக்சிஜன் தேவை கூடும், இதயம் வேகமெடுக்கும் என்பது சரியே. ஆனால் இதயம் வேகமெடுக்க வேறு காரணங்களும் உண்டு. சித்திரை வெயிலில் நடந்தால் தோலைக் குளிர்விக்க ரத்தம் கூடுதலாகப் பாய வேண்டும். உடம்பில் நீர் வற்றினாலும், காலையில் ஸ்ட்ராங்காக ஒரு காபி குடித்திருந்தாலும், தெருநாய் துரத்தினாலும் துடிப்பு ஏறும். அதே அளவுக்குக் கலோரி எரிவதில்லை. பளு தூக்கும்போதும் இப்படித்தான்: தசையை முறுக்கிப் பிடிக்கையில் துடிப்பு எகிறும், ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறாது. மறுபுறம், ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குத் துடிப்பே அடங்கியிருக்கும். அவர் மூச்சிரைக்க மாடிப்படி ஏறினாலும் வாட்ச் அதைச் சாதாரண வேலை என்றே எடுத்துக்கொள்ளும். அடுப்புப் புகையைப் பார்த்து எத்தனை பேருக்குச் சமையல் என்று சொல்வது மாதிரி இது. பல நாள் சரியாக இருக்கும், விறகு ஈரமென்றால் ஏமாற்றும்.

துடிப்பை விட்டுவிட்டு அட்டவணையைப் பார்க்கலாமே என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. பார்பரா ஐன்ஸ்வர்த் குழுவினர் 1993இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை புதுப்பித்த பட்டியல் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'மெட்' மதிப்பைத் தருகிறது. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். மிதமான நடை சுமார் 3.5. ஒரு மெட் என்றால் கிலோ எடைக்கு, நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன். இந்த 3.5 எங்கிருந்து வந்தது? 70 கிலோ எடையும் 40 வயதும் கொண்ட ஒரே ஓர் ஆணின் அளவிலிருந்து! 2005இல் 769 பேரை அளந்து பார்த்தபோது சராசரி 2.6தான் வந்தது. இந்தியர்களின் அடிப்படை வளர்சிதை வேகம் சர்வதேசச் சூத்திரங்கள் சொல்வதைவிட 5 சதவீதம் குறைவு என்று வைத்தே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழுவும் கணக்கிட்டது. ஐன்ஸ்வர்த்தின் பட்டியலும் பெரிய கூட்டங்களை ஆராய்வதற்காகப் போடப்பட்டதுதான். ஒரு தனி ஆளின் செலவைத் துல்லியமாகச் சொல்வது அதன் வேலையல்ல.

இன்னொரு பிழையை யாரும் கவனிப்பதில்லை. 60 கிலோ எடையுள்ள பெண் ஒருவர் 45 நிமிடம் நடக்கிறார். 60ஐ 3.5ஆலும் முக்கால் மணியாலும் பெருக்கினால் சுமார் 158 கலோரி. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாலும் 45 கலோரி செலவாகியிருக்குமே! நடந்ததால் கூடுதலாகச் செலவானது 113. சட்னியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏறக்குறைய இரண்டு இட்லி. சில கடிகாரங்கள் மொத்தத்தையும் கூடுதலையும் பிரித்துக் காட்டுகின்றன. பல இயந்திரங்கள் மொத்தத்தை மட்டும் காட்டுகின்றன. நல்ல பெயர் வாங்கித் தரும் எண்ணும் அதுதான்.

ஓடுகிறவர்களுக்கு என் யோசனை: கடிகாரத்தில் தூரத்தை மட்டும் பாருங்கள். சமதளத்தில் ஓடினால் கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 60 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 300. வேகம் கூடினாலும் குறைந்தாலும் இது பெரிதாக மாறாது. சைக்கிள்காரர்களுக்கு இன்னும் யோகம்: பெடலில் விழும் விசையைப் பவர் மீட்டர் நேரடியாக அளக்கிறது. மனித உடல் எரிக்கும் சக்தியில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போய்ச் சேரும் என்பதால், மீட்டர் காட்டும் கிலோ ஜூல் எண்ணையே கலோரியாக எடுத்துக்கொண்டாலும் பெரிய தவறில்லை. நீச்சல், யோகா, ஜூம்பா, பேட்மிண்டன் ஆடுபவர்களுக்கு இப்படிப்பட்ட வசதி எதுவும் இல்லை.

இவ்வளவும் சரியாக அளந்தாலும் உடல் வேறு கணக்குப் போடுகிறது. கன ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கவைத்து, அவை சிறுநீரில் குறையும் வேகத்தை வைத்து நாட்கணக்கான சக்திச் செலவை அளக்கும் முறை உண்டு. அந்த முறையில் ஹெர்மன் பான்ட்சர் குழு தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்குடியினரை அளந்து 2012இல் முடிவை வெளியிட்டது. நாள் முழுக்க நடந்து இரை தேடும் அவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவைக் கழித்துப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மேலைநாட்டவரின் செலவிலிருந்து வேறுபடவில்லை. 1,754 பேரின் அளவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு இதற்கு ஓர் எண்ணும் கொடுத்தது. உடல் கூடுதலாகச் செலவழிப்பதில் சராசரியாக 28 சதவீதத்தை, அடிப்படைச் செலவைக் குறைத்து ஈடுகட்டிக்கொள்கிறது. அந்தப் பெண் தினமும் நடக்கிறார் என்றால், அவருடைய 113 கலோரியில் கையில் நிற்பது 81.