கடலில் தத்தளிப்போரைக் கரைசேர்த்தல்

 

2015ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தமான் கடலில் பல படகுகள் திசையறியாது மிதந்துகொண்டிருந்தன. மியன்மாரில் குடியுரிமை மறுக்கப்பட்டு வெளியேறிய ரோஹிங்யா முஸ்லிம்களும், தொழில் தேடிப் புறப்பட்ட பங்களாதேஷ் நாட்டவர்களும் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். ஆட்கடத்தற்காரர்கள் மீது தாய்லாந்து அரசு நடவடிக்கை எடுக்கத் தொடங்கியதும், படகோட்டிகள் அவர்களை நடுக்கடலிலேயே கைவிட்டுத் தப்பியோடினர். அயல்நாடுகளின் கடற்படைகள் சிறிது உணவும் எரிபொருளும் கொடுத்து அப்படகுகளைத் தத்தம் எல்லைக்கு அப்பால் திருப்பியனுப்பின.

இந்நிலையில், மே 15ஆம் திகதி, இந்தோனேஷியாவின் ஆச்சே மாகாணத்தில் லங்ஸா நகரை அண்டிய மீனவர்கள் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு படகைக் கண்டனர். அதிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் சுமார் 700 பேரைத் தங்களது மீன்பிடிப் படகுகளில் ஏற்றிக் கரைசேர்த்தனர். அகதிகளைக் கரைக்குக் கொண்டுவர வேண்டாமென இராணுவத் தரப்பு மீனவர்களுக்குச் சொல்லியிருந்த நாட்கள் அவை. மே 20ஆம் திகதி மற்றுமொரு படகிலிருந்து 400க்கும் மேற்பட்டோர் ஆச்சே மீனவர்களால் மீட்கப்பட்டனர். அன்றைய தினமே இந்தோனேஷியாவும் மலேசியாவும் கடலிலுள்ளோருக்குத் தற்காலிகப் புகலிடம் வழங்க இணங்கின. அரசாங்கங்கள் கூடிப் பேசி முடிப்பதற்குள் மீனவர்கள் தம் வேலையைச் செய்து முடித்திருந்தார்கள்.

இதற்கு அவர்கள் கூறிய காரணம் மிக எளியது: அது தங்கள் கடல் வழக்கம் என்பதே. ஆச்சேயில் 'பங்லிமா லாவோட்' என்றொரு அமைப்பு உண்டு. கடல் தலைவர் என்பது அதன் பொருள். ஆச்சே சுல்தான்களின் காலத்திலிருந்து தொடர்ந்து வருவதாகக் கருதப்படும் இவ்வமைப்பு, மீனவர்களுக்கிடையிலான பிணக்குகளைத் தீர்த்து வைக்கின்றது. கடற்றொழிலுக்கான விதிகளை வகுக்கின்றது. ஜும்ஆவுடைய தினத்தில் கடலுக்குச் செல்வதை அது தடை செய்திருக்கின்றது. கடலில் எவரேனும் ஆபத்துக்குள்ளானால், அவர் யாராக இருந்தாலும் உதவியே ஆகவேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. காணாமற்போனவரைத் தேடிப் படகுகள் புறப்படுவதும் அவ்வாறானதே. வலையை அறுத்துவிட்டு, அன்றைய பிடிபாட்டையும் எரிபொருளையும் இழந்து மனிதரை ஏற்றிவரும் ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாமலும் போகலாம். இந்த வழக்கத்தைப் புகழ்ந்து பேசும் நாம் அந்த இழப்பைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

ஆச்சே நமக்கு அந்நியமான மண்ணன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி அக்கரையை விழுங்கிய அதே ஆழிப்பேரலைதான் சில மணி நேரத்தில் காத்தான்குடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் ஏறி வந்தது. அந்நாளின் நினைவாக ஆச்சே மீனவர்கள் டிசெம்பர் 26இல் கடலுக்குச் செல்வதில்லை. 2022ஆம் ஆண்டின் அதே தினத்தில்தான், ஒரு மாதத்துக்கும் மேலாகக் கடலில் அலைந்த 174 ரோஹிங்யாக்கள் ஆச்சேயின் பிடி மாவட்டக் கரையில் வந்து ஒதுங்கினர். அவர்களுடன் புறப்பட்டவர்களுள் 26 பேர் வழியிலேயே உயிரிழந்ததாக ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகவரகம் அறிவித்தது.

உண்மையை மறைக்கலாகாது. அதே ஆச்சேயில் 2023ஆம் ஆண்டின் இறுதியில் நிலைமை மாறியது. தொடர்ந்து படகுகள் வந்தபோது சில கிராமத்தவர்கள் அவற்றைத் திரும்பவும் கடலுக்குத் தள்ளினர். டிசெம்பரில் பந்தா ஆச்சேயில் அகதிகள் தங்கியிருந்த இடத்தினுள் மாணவர் கூட்டமொன்று புகுந்தது. சமூக ஊடகங்களில் பரப்பப்பட்ட வெறுப்புப் பேச்சு அதற்கு வழிசமைத்தது. ஆயினும் 2024 மார்ச்சில் மேற்கு ஆச்சேக்கு அப்பால் ஒரு படகு கவிழ்ந்தபோது, முதலில் சென்று சிலரைக் காப்பாற்றியவர்கள் மீனவர்களே. மறுநாள் மீட்புக் கப்பல், கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டிருந்த ஏனையோரை ஏற்றிவந்தது.

கடலோரத்து இளைஞர்களே! காப்பாற்ற வேண்டுமென்ற எண்ணம் மாத்திரம் போதாது. முறையும் தெரிந்திருக்க வேண்டும். 2015 ஏப்ரலில் லிபியாவுக்கு அப்பால், உதவிக்கு வந்த சரக்குக் கப்பலை நெருங்கிய அகதிப் படகொன்று அக்கப்பலுடன் மோதிக் கவிழ்ந்தது. 800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிர் தப்பியோர் 28 பேர் மாத்திரமே. உதவி வருவதைக் கண்டவர்கள் அனைவரும் ஒரு பக்கமாக எழுந்து ஓடினால், நெரிசலான படகு சாய்ந்துவிடும். எனவே சற்றுத் தூரத்திலேயே நின்று, எல்லோரையும் அமரும்படி சைகை செய்து, முதலில் மிதவை அங்கிகளைக் கொடுப்பதே மீட்பாளர்களின் வழமை. அதன் பின்னரே சிறிது சிறிதாக ஆட்களை இறக்குவார்கள். நமது படகு சிறியதாயின், வானொலித் தொடர்புக் கருவியின் 16ஆம் அலைவரிசையில் இடத்தை அறிவித்து, கண்பார்வையில் நின்று காத்திருப்பதே அறிவுடைமை. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு வயிறு நிறைய உணவு கொடுப்பது ஆபத்து. தண்ணீரையும் மிடறு மிடறாகவே கொடுக்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கும் நேர்ந்திருக்கின்றது. 2013 பெப்ரவரியில் நமது கடற்படை ஒரு படகிலிருந்து 138 பேரையும், இரு வாரங்களின் பின் மற்றொரு படகிலிருந்து 32 பேரையும் மீட்டது. இரண்டாவது படகில் 98 பேர் இறந்து கடலில் இடப்பட்டதாக உயிர் பிழைத்தோர் கூறினர். 2022 டிசெம்பரில் வடக்குக் கடலில் 104 ரோஹிங்யாக்கள் மீட்கப்பட்டனர். 2024 டிசெம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கரையை ஒரு படகு வந்தடைந்தது. அதில் சிறுவர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2009இல் பெருந்துயர் கண்ட அம்மண்ணின் மக்கள் வந்தவர்களுக்கு உணவும் நீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் வேறு மொழியினர், வேறு மதத்தினர் என்பது அப்போது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

ஓர் உயிரைக் காப்பதற்கு அல்மாஇதா அத்தியாயம் எத்துணை பெறுமதி அளித்துள்ளது என்பதை நாம் அறிவோம். மக்காவின் கொடுமை தாளாது முதன்முதலாக ஹிஜ்ரத் சென்றவர்களும் கப்பலேறிச் செங்கடலைக் கடந்து, ஒரு கிறிஸ்தவ மன்னரிடம் புகலிடம் பெற்றவர்களே. உலகச் சட்டமும் இதே கடமையைக் கூறுகின்றது. 1982ஆம் ஆண்டின் கடற்சட்டச் சமவாயத்தின் 98ஆம் உறுப்புரையின்படி, தன் கப்பலுக்கும் அதிலுள்ளோருக்கும் பாரதூரமான ஆபத்து இல்லாதவிடத்து, கடலில் தத்தளிக்கும் எவருக்கும் கப்பல் தலைவர் உதவியாக வேண்டும். 1979ஆம் ஆண்டின் தேடுதல், மீட்புச் சமவாயம் ஆபத்திலுள்ளவரின் நாட்டையோ அந்தஸ்தையோ பாராது உதவும்படி கூறுகின்றது. ஆனால் மீட்டவர்களை எந்தத் துறைமுகம் ஏற்க வேண்டும் என்பதில் நாடுகள் இன்னமும் இழுபறிப்படுகின்றன. கப்பற்காரர்கள் சிலர் காணாதவர்போல் கடந்து செல்வதற்கு இந்த இழுபறியே பெரிதும் காரணம் என்பது என் கருத்து.

பெற்றோர்களே! படகில் செல்பவர்கள் எங்கோ உள்ளவர்கள் என எண்ணிவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நம் நாட்டவர் 303 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, 'லேடி ஆர் 3' என்ற கப்பலில் கனடா செல்லும் நம்பிக்கையுடன் புறப்பட்டனர். நவம்பர் மாதத்தில் பிலிப்பைன்ஸுக்கும் வியட்நாமுக்கும் இடைப்பட்ட கடலில் அது மூழ்கத் தொடங்கியது. கப்பலில் இருந்தவர்கள் நமது கடற்படைக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். தகவல் சிங்கப்பூர் உள்ளிட்ட நாடுகளின் மீட்பு நிலையங்களுக்குச் சென்றது. அருகில் சென்றுகொண்டிருந்த 'ஹீலியோஸ் லீடர்' என்ற ஜப்பானியக் கப்பல் திசை திரும்பிச் சென்று 303 பேரையும் ஏற்றிக்கொண்டது. மறுநாள் வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் அவர்கள் கரையிறங்கினர். கடவுச்சீட்டு எங்கே, யார் அனுப்பினார்கள், எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்ற விசாரணைகளெல்லாம் அதன் பின்னரே நடந்தன.