தட்டு நிறைய உமி, குருவிக்குப் பட்டினி: போத்தலில் ஒரு தீனிப்பெட்டி

கூண்டில் ஆறு பிஞ்ச் குருவிகள். தட்டு நிறையத் தீனி. ஒரு நாள் மாலை மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் இரண்டு குருவிகள் கூண்டின் அடியில் விறைத்துக் கிடக்கின்றன. "தட்டு நெறைய தீனி இருந்திச்சுங்க, அப்புறம் எப்படி செத்திச்சு?" என்று அந்த வீட்டுத் தம்பி கேட்டபோது எமக்கும் உடனே பதில் தெரியவில்லை. தட்டைக் கையில் எடுத்து ஒரு தடவை ஊதிப் பார்த்தோம். இருந்ததெல்லாம் பறந்து போயிற்று. அத்தனையும் உமி. அடியில் ஒரு மணி தினைகூட இல்லை.

பிஞ்ச் குருவி கோழியைப் போலத் தானியத்தை அப்படியே விழுங்குவதில்லை. அலகுக்குள் வைத்து உருட்டி, தோலை உரித்து, பருப்பை மட்டும் தின்னும். தோல் தட்டிலேயே விழும். பார்ப்பவர் கண்ணுக்குத் தோலும் ஒன்றுதான், மணியும் ஒன்றுதான். நாம் கூண்டில் வளர்க்கும் வரிச்சிட்டு, அதாவது ஜெப்ரா பிஞ்ச், அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த இனம். அதன் எடை ஏறக்குறைய 12 கிராம்தான். இவ்வளவு சின்ன உடம்பில் சேமிப்பு ஒன்றும் இருக்காது. குளிர் கூடிய நமது மலைநாட்டில் ஒரு பகலும் ஒரு இரவும் தீனி இல்லாமல் போனால் போதும், கதை முடிந்துவிடும்.

காலையில் பிரட்டுக்குப் போகும் அம்மாவும் அப்பாவும் மாலையில்தான் வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். இடையில் தட்டைப் பார்க்க ஆள் கிடையாது. ஆகவே தானாகவே தீனி இறங்கும் பெட்டி ஒன்று வேண்டும். கடையில் வாங்கத் தேவையில்லை, வீட்டில் தூக்கிப் போடும் சாமான்களே போதும்.

ஒரு லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று, தெளிவான பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். இன்னொரு போத்தலின் அடிப்பாகம். ஜாம் போத்தல் மூடி போல 8 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு சின்ன மூடி. ஐஸ்கிறீம் டப்பா ஒன்று. கொஞ்சம் கட்டுக்கம்பி. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: களைநாசினியோ பூச்சிமருந்தோ இருந்த போத்தலைத் தொடவே வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். குருவிக்கு மட்டுமல்ல, வெட்டுகிற உங்கள் கைக்கும் ஆகாது.

போத்தலைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் தினை ஒட்டிக்கொண்டு இறங்காது. பிறகு அடிப்பாகத்தை வெட்டி எடுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தாளால் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கீறும். இப்போது போத்தலைத் தலைகீழாகப் பிடித்தால் வாய் கீழே, திறந்த பக்கம் மேலே. மேலே தீனி போட்டு, மற்றப் போத்தலின் அடியைத் தொப்பி போலக் கவிழ்த்து மூடலாம். தொப்பி சேராவிட்டால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு விரித்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்கிறீம் டப்பாவின் நடுவில் சின்ன மூடியை மல்லாத்தி வையுங்கள். அந்த மூடிக்கு மேல்தான் போத்தல் வாய் நிற்க வேண்டும். எவ்வளவு உயரத்தில் என்பதுதான் முழு வேலையின் சூட்சுமம். ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால் தினை கீழே விழுந்து சின்னக் குவியலாகும். குவியலின் உச்சி போத்தல் வாயைத் தொட்டதும் தானாக நின்றுவிடும். குருவி தின்னத் தின்ன மேலிருந்து இறங்கும். குவியலின் அடி ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் அகலம் வரும், மூடிக்குள் அடங்கும். இடைவெளி 3 சென்ரிமீற்றர் ஆனால் குவியல் 13 சென்ரிமீற்றருக்குப் பரவி வழியும். போத்தல் காலியாகும் வரை கொட்டினாலும் ஆச்சரியமில்லை. ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகைத் துண்டு ஒன்றை மூடியில் வைத்து, அதன்மேல் போத்தல் வாயை நிறுத்தி, மேலும் கீழும் இரண்டு இடத்தில் கூண்டு வலையோடு கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு பலகையை உருவிவிடலாம்.

சின்ன மூடியின் விளிம்பு பதிவாக இருப்பதால் குருவி உதறும் உமியில் பெரும்பகுதி வெளியே ஐஸ்கிறீம் டப்பாவில் விழும். தினையும் கொஞ்சம் விழத்தான் செய்யும். அது தரைக்குப் போகாமல் டப்பா பிடித்துக்கொள்கிறது. இது சிக்கனத்துக்கு மட்டும் சொல்வதல்ல. தரையில் தீனி சிந்தினால் எலி வரும், எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். லயத்தில் ஒரு வீட்டுக் கூண்டுக்கு வந்த எலி அடுத்த காம்பராவுக்கும் போகும் என்பதை மறந்துவிடக் கூடாது. இரவில் டப்பாவை எடுத்துக் கொட்டிவிடுவது நல்லது.

குருவி உட்காரும் குச்சி டப்பாவுக்கு நேர் மேலே இருக்கக் கூடாது, எச்சம் தீனியில் விழும். தண்ணீரையும் தள்ளியே வையுங்கள்.

ஒரு குருவிக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டித் தினை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பத்துக் குருவி இருந்தால் அரை லீற்றர் அளவு பத்து நாளைக்குக் காணும். ஆனாலும் போத்தலை நிரப்பி வைக்காதீர்கள். மே மாதம் தொடங்கி மழையும் மூடுபனியுமாக இருக்கும் நாட்களில் தினை ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப்பட்ட தீனி குருவிக்கு நஞ்சு. நாலைந்து நாளைக்குப் போதுமானதைப் போட்டு, மிச்சத்தை இறுக்கமான பால்மா டின்னில் வைத்துக்கொள்ளுங்கள். முகர்ந்தால் புளித்த வாடையோ மக்கல் வாடையோ வந்தால் யோசிக்காமல் வீசிவிடுங்கள். வாங்கும் தினை பழசா என்று சந்தேகம் வந்தால் ஒரு பிடியை ஈரத் துணியில் கட்டி வையுங்கள். நாலைந்து நாளில் பெரும்பாலானவை முளைத்தால் நல்ல சரக்கு. முளைத்ததைக் குருவிக்கே போடலாம், விரும்பித் தின்னும்.

புதிய பெட்டியைக் கட்டிய அன்றே பழைய தட்டை எடுத்துவிடக் கூடாது. பழக்கமில்லாத சாமானைக் கண்டால் இவை கிட்டவே வராது. மூன்று நாலு நாள் இரண்டும் இருக்கட்டும். எல்லாக் குருவியும் புதியதில் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகு தட்டை எடுங்கள். சண்டைக்கார ஜோடி ஒன்று இருந்தால் மற்றவற்றை விரட்டும், அதற்கு இரண்டாவது பெட்டியை மறுமூலையில் கட்டுவதைத் தவிர வேறு வழி எமக்குத் தெரியவில்லை.

பெட்டி இருக்கிறதே என்று பார்க்காமலும் விடக் கூடாது. போத்தல் நிறையத் தெரிந்தாலும் வாயில் உமியோ ஈரத் தினையோ அடைத்துக்கொண்டால் பழைய கதைதான். ஆகவே தினமும் மாலையில் தீனி நிற்கும் மட்டத்தில் போத்தலின் மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். மறுநாள் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் குருவி தின்னவில்லை என்று அர்த்தம்; உடனே போத்தலை விரலால் தட்டி, மூடியில் கிடக்கும் உமியை வெளியே கொண்டுபோய் ஊதிவிடுங்கள்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ இரண்டு நாள் ஊருக்குப் போனால் பக்கத்துக் காம்பராவில் சொல்லிவிட்டுப் போங்கள். "போத்தல்ல தீனி இருக்கான்னு பாருங்க" என்று சொல்லாமல், "கோடு எறங்கியிருக்கான்னு பாருங்க" என்று சொல்லுங்கள்.