கைக்குள் வந்த கதாநாயகர்கள்!

டோம்பிவிலியில் காலை ரயில் பிடிப்பவர்களுக்குத் தெரியும். கால் வைக்க ஓர் இடம் கிடைத்தால் போதும், அடுத்த கணமே வாலிபர்களின் கை சட்டைப் பைக்குப் போய்விடும். ஒரு கை மேலே பிடியில், மறு கையில் செல்போன். தாதர் வரும் வரை தலை நிமிராது.

அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

சினிமா என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, பணம் சம்பாதிக்கச் சொல்லித் தரும் "குரு"க்கள்! வெளிநாட்டுக் கார் மேல் சாய்ந்து நிற்பார் ஒருவர். வயது முப்பதுக்குள் இருக்கும். மாதச் சம்பளத்துக்கு உழைப்பவன் கடைசி வரை ஏழைதான் என்பார். பத்தே நிமிடத்தில் பல ஆயிரம் எடுத்ததாகச் சொல்லி, திரையில் பச்சை எழுத்தில் ஒரு தொகையையும் காட்டுவார்.

அன்று அரோரா... இன்று சட்டைப் பை

கதாநாயகனைப் பார்த்து நடப்பது புதிதல்ல. மாதுங்கா அரோரா தியேட்டரில் ரஜினி படம் பார்த்துவிட்டு, அவரைப் போலவே முடியைக் கோதியபடி தாராவிக்கு நடந்து வந்தவர்கள் இன்று தாத்தாக்கள். 1987-ல் "நாயகன்" வந்தபோது, வேட்டி கட்டிக்கொண்டு வேலு நாயக்கர் குரலில் பேசிப் பார்த்தவர்களும் உண்டு. நஷ்டம் என்ன? ஒரு டிக்கெட், ஒரு கறுப்புக் கண்ணாடி, பழக்கம் பிடித்துக் கொண்டவர்களுக்கு ஒரு சிகரெட் பெட்டி. மூன்று மணி நேரம் ஆனதும் விளக்கைப் போட்டு விடுவார்கள். திரையில் நின்றவர் நடிகர் என்பது பார்த்தவனுக்கும் தெரியும்.

இப்போது படம் முடிவதே இல்லை. 2016-ல் ஜியோ வந்து இணையம் மலிவானது. 2020 ஜூன் 29-ல் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஒன்றை முழுதாகப் பார்த்தால், அதே ரகத்தில் இன்னொன்று தானாக வந்து நிற்கும். கார்க்காரர்களையே பார்த்துக் கொண்டிருக்கும் பையனுக்கு, ஊரில் எல்லோரும் கார் வைத்திருப்பதாகத் தோன்றும். அப்பா மட்டும்தான் இன்னும் சைக்கிளில் இட்லி விற்கிறார்!

(இப்போது இட்லிக்காரரையும் படம் பிடித்துப் போடுகிறார்கள். அதில் வரும் காசு படம் பிடித்தவருக்கு.)

செல்போனால் கெடுதல் மட்டுமே என்பதும் நியாயமில்லை. ஏ.சி. ரிப்பேரை அதில் பார்த்துப் பழகி, மெக்கானிக்கிடம் உதவியாளாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தாராவியின் "டோப்படெலிக்ஸ்" ராப் குழு இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் பாடி யூடியூபில் போட்டது. 2018-ல் ரஜினியின் "காலா" படத்திலேயே பாடியது. இவர்களைப் பார்த்து வரி எழுதிப் பழகும் பையனுக்கு நேரம் போகலாம், வீட்டுப் பணம் போகாது.

மட்காவும் "ஆப்ஷ"னும்

பழைய பம்பாய்க்காரர்களுக்கு மட்கா நினைவிருக்கும். பானையிலிருந்து சீட்டு எடுத்து எண் சொல்வார்கள். மில் தொழிலாளியும் கட்டினார், குமாஸ்தாவும் கட்டினார். ஆனால் அது சூதாட்டம் என்று கட்டுகிறவனுக்குத் தெரியும். சீட்டை மனைவி கண்ணில் படாமல் ஒளித்து வைப்பான்.

இன்றைய குரு சொல்லித் தருவது "ஆப்ஷன்". பங்கு வாங்குவதும் இதுவும் ஒன்று என்று பல வாலிபர்கள் நினைக்கிறார்கள். பங்கு வாங்கினால் கம்பெனியில் ஒரு துளியாவது சொந்தம். ஆப்ஷன் வாங்கினால் அதுவும் இல்லை. குறித்த நாளுக்குள் விலை ஏறும், அல்லது இறங்கும் என்று பணம் கட்டுகிறார்கள். அப்படி நடக்காவிட்டால் கட்டியது போச்சு. இதற்குப் பெயர் "கல்வி"யாம்! ஆகவே பையன் ஒளிப்பதில்லை. அம்மாவிடம் பெருமையாகச் சொல்கிறான்.

நூற்றுக்கு 93 பேர்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் "செபி" 2024 செப்டம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். எல்லோருடைய நஷ்டத்தையும் கூட்டினால் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! தலைக்குச் சராசரி 2 லட்சம். ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம் இது.

இறங்கியவர்கள் யார்? 2022-23-ல் நூற்றுக்கு 31 பேர் முப்பது வயதுக்குக் கீழே இருந்தார்கள். அடுத்த ஆண்டில் அது 43 ஆயிற்று. முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு. 2024 நவம்பரில் செபி விதிகளை இறுக்கியது. ஆனாலும் 2024-25-ல் நூற்றுக்கு 91 பேர் தோற்றார்கள்.

குருவின் கணக்கு

சரி, குருவாவது ஜெயித்தாரா?

யூடியூபில் பெயர் பெற்றிருந்த ஒரு குருவின் கணக்கை செபி திறந்து பார்த்தது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை சந்தையில் அவருக்கே 3 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக நஷ்டம்! ஆனால் பாடம், ஆலோசனை என்ற பெயரில் பிறரிடம் வாங்கிய 17 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைத் தனிக் கணக்கில் கட்டும்படி 2023 அக்டோபரில் இடைக்கால உத்தரவு போட்டது. சம்பாத்தியம் சந்தையில் அல்ல, சீடர்களிடம்!

கிரிக்கெட் வீரர்களும் நடிகர்களும் பணம் கட்டி ஆடும் செல்போன் விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்தது தெரிந்த கதை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நஷ்டப்பட்டவன் மட்டும் படம் போடுவதில்லை. ஜெயிப்பதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று தினமும் கேட்டவன் தோற்றதை எப்படிச் சொல்வான்? செல்போனிலேயே கடன் வாங்குகிறான். அதை அடைக்க இன்னொரு கடன். வீட்டுக்குத் தெரிவது, திருநெல்வேலிக்கு மாதாமாதம் போகும் பணம் நிற்கும்போதுதான். "சம்பளம் இன்னும் போடலைப்பா" என்று இரண்டு மாதம் ஓட்டலாம். மூன்றாவது மாதம் அப்பா ரயில் ஏறி வந்து விடுவார்.

காசு வாங்கிக் கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல செபியில் பதிவு வேண்டும். ஆலோசகரின் பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், ஆராய்ச்சி செய்து சொல்பவருடையது ஐ.என்.எச். பெயர்ப் பட்டியல் செபியின் இணையதளத்திலேயே இருக்கிறது. பார்க்கக் கட்டணம் கிடையாது. டோம்பிவிலியில் ஏறிய பையன், தானே வருவதற்குள் அதே செல்போனில் தேடிப் பார்த்து விடலாம்.