இரண்டு அட்டைகளும் எழுபது வயதுப் பெரியவரும்

கல்கத்தா, லேக் மார்க்கெட் வட்டாரத்தில் காலை வேளையில் வாழை இலையும் முருங்கைக்காயும் வாங்க வரும் தமிழ்ப் பெரியவர்கள் இருவர் சந்தித்தால், முன்பெல்லாம் பேச்சு ஊர் மழையைப் பற்றி இருக்கும். இப்போது ஆஸ்பத்திரி அட்டையைப் பற்றித்தான்.

அட்டைகள் இரண்டு. ஒன்று மாநில சர்க்காருடைய 'ஸ்வஸ்த்ய சாத்தி'. 2016-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய இத்திட்டம், 2020 டிசம்பரில் வேறு சர்க்கார் வைத்திய வசதி இல்லாத எல்லாக் குடும்பங்களுக்கும் விரிக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. அட்டை வீட்டின் மூத்த பெண்மணி பேரில் வரும். கணவன் மனைவி இருவரின் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. 2021 ஜனவரியில் முதல் மந்திரி மம்தா பானர்ஜியே ஹரீஷ் முகர்ஜி சாலையில் வரிசையில் நின்று அட்டை பெற்றுக்கொண்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

மற்றொன்று மத்திய சர்க்காரின் 'ஆயுஷ்மான் பாரத்'. 2018 செப்டம்பர் 23-ம் தேதி ராஞ்சியில் தொடங்கப்பட்டது. அதுவும் ஐந்து லட்சமே. மேற்கு வங்கம் முதலில் சேர்ந்தது. 2019 ஜனவரியில் விலகியது. செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கு நாங்கள் கொடுக்க, வீடு வீடாகப் பிரதமர் படத்துடன் கடிதம் போகிறதே என்பது மம்தாவின் குற்றச்சாட்டு. ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டியதை அரசியலுக்காகத் தடுக்கிறார்கள் என்பது பாரதீய ஜனதாவின் பதில். படம் யாருடையதானால் என்ன, படுக்கை கிடைத்தால் சரி என்று நோயாளி நினைப்பதை இரு தரப்பும் கேட்டதாகத் தெரியவில்லை.

2024 அக்டோபர் 29-ம் தேதி சிக்கல் தமிழர் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. எழுபது வயது தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பாராமல், ஆயுஷ்மான் அட்டை என்று அன்று அறிவித்த பிரதமர் மோடி, டில்லி, மேற்கு வங்கப் பெரியவர்களுக்கு உதவ முடியவில்லையே என்று மன்னிப்பும் கேட்டார். எங்கள் அட்டைக்கு வயதே கிடையாது என்றது திரிணமூல் தரப்பு. 2025-ல் ஒடிசாவும் டில்லியும் மத்தியத் திட்டத்தில் சேர்ந்துவிட, அந்த ஆண்டு முடியும்வரை வெளியே நின்றது மேற்கு வங்கம் மட்டுமே.

நாற்பது வருஷம் இங்கே கணக்கெழுதி ஓய்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிள்ளை சென்னையில். ஆதார் விலாசம் கல்கத்தா. ஆகவே 2025 முடியும்வரை ஆயுஷ்மான் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அங்கத்திய ரேஷன் கார்டு வேண்டும். அவர் பெயரோ இங்கத்திய கார்டில். கையிலிருக்கும் ஸ்வஸ்த்ய சாத்தி, பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் செல்லாது. பிள்ளையிடம் போவதா, அட்டையிடம் இருப்பதா? ரயில்வேயில் ஓய்வு பெற்றவருக்கு கார்டன் ரீச்சிலும் சியால்தாவிலும் ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. கடைச் சிப்பந்திக்கு அது ஏது?

இங்கேயே இருந்தாலும் எல்லாம் சுலபமில்லை. சர்க்கார் தரும் கட்டணம் கட்டுபடியாகவில்லை என்று தனியார் ஆஸ்பத்திரிகள் முணுமுணுத்தன. அட்டையைத் திருப்பி அனுப்பினால் லைசென்ஸ் பறிபோகும் என்று முதல் மந்திரி எச்சரித்தார். பிறகு சர்க்காரே கையைச் சுருக்கியது. விபத்து தவிர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சைக்குத் தனியாரிடம் போக, சர்க்கார் ஆஸ்பத்திரியின் சிபாரிசுக் கடிதம் தேவை என்றாயிற்று. வயதானவர்களுக்கு வருவதே மூட்டு வலிதான்!

சொந்தப் பணத்தில் பாலிசி எடுத்தவர்களுக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. பிரீமியத்தின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுக்கும்படி 2024 ஆகஸ்டில் மம்தா மத்திய நிதி மந்திரிக்கு எழுதினார். மத்திய மந்திரி நிதின் கட்காரியும் அதற்குச் சற்று முன் அப்படியே எழுதியிருந்தார். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி இல்லை. எதிரும் புதிருமானவர்கள் ஒரே கோரிக்கையை எழுதியது அபூர்வந்தான்.

வேடிக்கை என்னவென்றால், காட்பாடி வழியாகப் போகும் ஹவுரா வண்டிகளில் வங்காளி நோயாளிகள் கூட்டம் குறைவதே இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் லாட்ஜ் பலகைகள் தொங்குகின்றன. நாம் பிழைக்க இங்கு வந்தோம். அவர்கள் உயிர் பிழைக்க அங்கு போகிறார்கள். அதே வண்டியில் பிள்ளை வீட்டுக்குப் போகும் நம் பெரியவர், அட்டையைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார்.