மணல் கல்லான முனை

கோவில்பட்டிக் கரிசற்காட்டை ஆழ உழும்போது வெண்ணிறக் கட்டிகள் தட்டுப்படுவதுண்டு. உழவர் அவற்றைச் சுக்கான்கல் என்பர். அக்கல்லின்மீது எலுமிச்சைச் சாற்றைச் சில துளி விட்டால் நுரை எழும்; கல்லில் உள்ள சுண்ணாம்பே அதற்குக் காரணம். இதே சுண்ணாம்புதான், அதே மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு குன்றையும் கட்டி நிறுத்தியிருக்கிறது. அக்குன்றே மணப்பாட்டு முனை.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாக மணப்பாடு செல்வோர் ஒரே நாளில் மூவகை நிலங்களைக் காண்பர். வெடித்த கரிசல் முடிந்ததும் உப்பளங்கள் தோன்றும். அவற்றையும் கடந்தால் பனைமரங்கள் நிறைந்த செம்மணல் தேரி வரும். திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தை அடுத்துள்ளது மணப்பாடு.

ஊரின் தெருக்களைத் தாண்டிக் குன்றின்மீது ஏறுவதற்குச் சில நிமிடங்களே போதும். உயரம் மிகுதியில்லை. எனினும், சுற்றிலும் தட்டையான கரை என்பதால், ஏறியவுடன் பார்வை தடையின்றி விரிகிறது. ஒருபுறம் மன்னார் வளைகுடாவின் நீலப்பரப்பு. மறுபுறம் கருமேனியாற்றின் கழிமுகமும், வளைந்து செல்லும் மணற்கரையும், அதில் வரிசையாக நிற்கும் படகுகளும். உச்சியில் 1581ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட திருச்சிலுவை ஆலயம் உள்ளது. செப்டம்பர் 14ஆம் நாள் விழாவின்போது இக்குன்று மக்கள் வெள்ளத்தில் மூழ்கும்.

ஆலயத்தையும் கடலையும் கண்டு மீள்வோர் பலரும் தம் காலடியைக் கவனிப்பதில்லை. அங்கேதான் இம்முனையின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பாறையின் வெட்டுமுகத்தில் சாய்வான மெல்லிய வரிகள் தென்படும். காற்று மணலை அடுக்கடுக்காகக் குவித்ததன் தடங்கள் அவை. அம்மணலில் சிப்பிகளின் நொறுங்கிய துகள்களும் கலந்திருந்தன. மழைநீர் அத்துகள்களிலிருந்த சுண்ணாம்பைச் சிறிது கரைத்துக் கீழே இறக்கியது; வெயிலில் நீர் ஆவியானபின் சுண்ணாம்பு மட்டும் மணல்மணிகளுக்கிடையே தங்கி, அவற்றை ஒட்டவைத்தது. இவ்வாறு மணல்மேடு பாறையாயிற்று.

இதற்கு வானமும் துணைநின்றது எனலாம். மேற்குத்தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுப்பதால், தூத்துக்குடி மாவட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழையே பெறுகிறது. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. மழை மிகுந்த நாட்டில் சுண்ணாம்பு கரைந்து ஓடிவிடும். இங்கோ கரைக்கும் அளவுக்கு நீர் உண்டு. அடித்துச் செல்லும் அளவுக்கு இல்லை. கரிசலில் சுக்கான்கல் திரள்வதும் இக்காரணத்தாலேயே. உழவர் நொந்துகொள்ளும் அதே வறட்சி கடற்கரையில் ஒரு குன்றைக் காத்துத் தந்திருக்கிறது.

ஆயினும், சுண்ணாம்பால் ஒட்டிய கல் கருங்கல் ஆகாது. முனையின் கடல்நோக்கிய சரிவில் ஒரு குகை உள்ளது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் அங்குத் தங்கி வழிபட்டார் என்பது ஊரார் நம்பிக்கை. திருச்செந்தூரின் வள்ளி குகையும் கடலோர மணற்பாறையில் அமைந்ததே. குகை குடையும் அளவுக்கு இளகிய பாறை, உப்புக்காற்றுக்கும் எளிதில் இடங்கொடுக்கும். பாறையின் நுண்துளைகளில் புகும் உப்புநீர் உலர்ந்து படிகமாகும்போது மணல்மணிகளை நெம்பிப் பிரிக்கிறது. திருச்செந்தூர்க் கோயிலின் பழைய மணற்கல் கட்டடம் இவ்வாறு அரிக்கப்பட்டதனால்தான் பிற்காலத்தில் கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. இத்தகைய பாறையில் ஆணியால் பெயர் பொறிப்பவர், பல நூற்றாண்டுகள் கட்டிய ஒட்டை ஒரு நொடியில் உடைக்கிறார். பொறித்த பெயரும் நெடுநாள் நிற்பதில்லை.

குன்றிலிருந்து இறங்கிக் கரையோரமாக நடந்தால், அடிவாரத்தில் சரிந்து விழுந்த பாறைத் துண்டுகளைக் காணலாம். சிலவற்றை விரலால் தேய்த்தாலே பொடி உதிரும். அடுத்த அலை அப்பொடியைக் கரையின் மணலோடு சேர்த்துவிடுகிறது.