வழி கேட்டவர்களுக்கு நாம் தந்த விடை

திருவண்ணாமலையில் வாழ்வோர்க்கு வெளியூரார் புதியவர் அல்லர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையைச் சுற்றிவர எங்கெங்கிருந்தோ மக்கள் வருகின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று நகரமே மனிதக் கடலாகிவிடுகிறது. இரமணாசிரமத்தை நாடிவரும் வெளிநாட்டவர் ஆண்டு முழுதும் நம் தெருக்களில் நடமாடுகின்றனர். இம்மாவட்டத்துச் சேத்துப்பட்டு லூர்து மாதா ஆலயத்திற்கும் பல ஊர்களிலிருந்து திருப்பயணிகள் வந்து செல்கின்றனர். "ஐயா, கோயிலுக்கு எப்படிப் போகவேண்டும்?" என்று ஒருவர் கேட்டால், கைவேலையை நிறுத்திவிட்டு, நாலடி கூடவே நடந்துவந்து வழிகாட்டுவது இம்மண்ணின் பண்பு. அறிமுகமற்றவரை விருந்தினராக ஏற்றே இவ்வூர் வளர்ந்தது எனலாம்.

இத்தகைய மாவட்டத்தில்தான், 2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், நாம் என்றும் மறக்கக்கூடாத ஒரு கொடுமை நிகழ்ந்தது.

சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தினர் தங்கள் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்தனர். மலேசியாவிலிருந்து வந்த உறவினரும் உடனிருந்தனர். போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில் வண்டியை நிறுத்தி வழி கேட்டனர். அருகிலிருந்த குழந்தைகளுக்கு, அக்குடும்பத்தின் முதிய பெண்மணி சாக்லெட் கொடுத்தார். குழந்தையைக் கண்டால் கையில் இருப்பதைக் கொடுப்பது நம் வீட்டுப் பாட்டிமார் அனைவரும் செய்வதுதானே! ஆனால் அன்று அந்தச் சாக்லெட் அன்பின் அடையாளமாகத் தோன்றவில்லை. "பிள்ளை பிடிப்பவர்கள்!" என்ற கூக்குரல் எழுந்தது. கூட்டம் திரண்டது. அம்முதியவள் அடித்துக் கொல்லப்பட்டாள். உடன் வந்தோர் கடுமையாகக் காயமுற்றனர். அக்கொடுமையையும் சிலர் கைப்பேசியில் படம்பிடித்தனர். அப்படமும் ஊரெங்கும் பரவியது.

அடித்தவர்கள் தொழில்முறைக் கொலைஞர் அல்லர். வயலுக்கும் வேலைக்கும் போய்வருகிற, பிள்ளைகளைப் பெற்று வளர்க்கிற சாதாரண மக்கள். அவர்களை அந்நிலைக்குக் கொண்டுவந்தது எது?

வதந்திக்கு முளைத்த சிறகு

அதற்கு முந்தைய வாரங்களில் வட தமிழகத்துக் கிராமங்களில் வாட்ஸ்ஆப் வழியாகச் சில குரல் பதிவுகளும் படங்களும் உலவிக்கொண்டிருந்தன. வடமாநிலங்களிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல்கள் வந்து இறங்கியுள்ளன என்பதே அவற்றின் சாரம். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஓர் அப்பாவி மனிதர் இதே சந்தேகத்திற்குப் பலியானார். சூலை முதல் நாளன்று, மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் ஐவர் கொல்லப்பட்டனர்.

அக்காலத்தில் நாடெங்கும் பரவிய படங்களுள் ஒன்றின் வரலாற்றைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர். பார்ப்பவர் நெஞ்சம் பதறும். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளைப் பாதுகாக்குமாறு பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். படத்தின் இறுதியில் அவர்கள் திரும்பிவந்து சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் தாங்கிய அட்டையைக் காட்டுகின்றனர். அவ்விறுதிப் பகுதியை எவரோ வெட்டி நீக்கிவிட்டனர். எஞ்சியதோ பயம் மட்டுமே. நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படம், பாதி மறைக்கப்பட்டதனால் நஞ்சாயிற்று.

வதந்தி இன்று பிறந்ததன்று. முன்பும் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் அது உலவியது. ஆயினும் அன்று வதந்திக்கு ஒரு முகம் இருந்தது. "உனக்கு யார் சொன்னார்?" என்று கேட்டால் ஒருவரைச் சுட்டிக்காட்ட முடிந்தது. அடுத்த ஊரை எட்ட அதற்கு ஒரு நாள் பிடித்தது. அதற்குள் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் அதை மறுத்துரைக்கவும் வாய்ப்பிருந்தது. இன்றோ செய்தி மச்சானிடமிருந்தும் சித்தப்பாவிடமிருந்தும் வருகிறது. நாம் நம்புவது செய்தியையன்று, அனுப்பிய உறவினரை. அவரோ அதை வேறொருவரிடமிருந்து அவ்வாறே பெற்றவர். 2018இல் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் 256 பேர் வரை இருக்க இயன்றது. ஐந்து குழுக்களுக்கு ஒருவர் அனுப்பினால், ஒரு நொடியில் 1,280 பேர்!

அத்திமூர், துலே போன்ற துயரங்களுக்குப் பின்னரே அந்நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு 2018 சூலையில் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது. 2019 சனவரியில் அது உலகெங்கும் விரிந்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒருமுறைக்கு ஒரே இடத்திற்குத்தான் அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கப்பட்டது. கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2018 சூலை 17ஆம் நாள் ஆணையிட்டது.

மறைவும் வெளிச்சமும்

வதந்தியைத் தொடங்கியவனைக் கண்டுபிடித்துத் தண்டிக்கலாமே என்று நாம் கேட்கலாம். அங்கேதான் சிக்கல் உள்ளது. 2016 முதல் வாட்ஸ்ஆப் செய்திகள், அனுப்புவோரும் பெறுவோரும் தவிர வேறெவரும் படிக்க முடியாதவாறு பூட்டப்பட்டே செல்கின்றன. தாய் மகளுக்கு எழுதும் அந்தரங்கத்தை அப்பூட்டுக் காக்கிறது. வதந்தியாளனையும் அதே பூட்டு மறைக்கிறது. முதலில் அனுப்பியவர் யார் என்று நிறுவனங்கள் கண்டறிந்து சொல்லவேண்டும் என 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. அது மக்களின் அந்தரங்கத்தைக் குலைக்கும் என்று கூறி வாட்ஸ்ஆப் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

அந்தரங்கம் என்பது செல்வந்தர்களின் ஆடம்பரமன்று. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆதார் தொடர்பாகத் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்று அறிவித்தனர். நமக்கு இக்கருத்துப் புதிதன்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை உயிரே போயினும் குரு வெளியிடலாகாது என்பது திருச்சபையின் மாறாத சட்டமன்றோ? ஒருவருடைய உள்ளமும் முகமும் பெயரும் அவருக்கே உரியவை. பிறர் அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவரலாகாது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? குழந்தையின் புதுநன்மைப் படத்தைப் பெயரோடும் பள்ளிச் சீருடையோடும் பொதுவெளியில் இடுகிறோம். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் பெரியவரின் படத்தை, அவர் சம்மதம் கேளாமலே, "செபியுங்கள்" என்று நூறு பேருக்கு அனுப்புகிறோம். ஆதார் அட்டையின் படத்தைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கிறோம். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதார் அட்டையை அரசே வழங்குகிறது என்பதைப் பலர் அறியார்.

2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. ஆயினும் தனிமனிதர் தம் சொந்த வீட்டுத் தேவைக்காகச் செய்வனவற்றை அச்சட்டம் தொடுவதில்லை. நம் குடும்பக் குழுவின் வாசலில் காவலர் நில்லார். அங்கே காவல் நிற்கவேண்டியது நம் மனச்சான்றே.

நம் கையில் உள்ளது

இணையத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அவ்வசதி, 2020இல் பெருந்தொற்றால் ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது திருப்பலியை நம் கூடத்திற்கே கொண்டுவந்தது. தொலைதூர நாட்டில் உழைக்கும் மகனின் முகத்தைத் தாய்க்கு நாள்தோறும் காட்டுகிறது. கத்தி காய் நறுக்கவும் உதவும், காயம் செய்யவும் உதவும். பிடித்த கையைப் பொறுத்தது அது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பொய்ச்செய்தி. ஏதேன் தோட்டத்துப் பாம்பின் பேச்சே பொய்ச்செய்தியின் முதல் உதாரணம் என்று அதில் அவர் சுட்டிக்காட்டினார். அந்நாள் மே 13, ஞாயிறு. அத்திமூரில் இரத்தம் சிந்தி நான்கே நாட்கள் ஆகியிருந்தன!

புறங்கூறிய பெண்ணொருத்தியிடம், கோழியின் இறகுகளை வழியெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டுப் பின் அவற்றைப் பொறுக்கி வருமாறு தூய பிலிப் நேரியார் பணித்தார் என்றொரு கதை உண்டு. காற்றில் போன இறகைப் பொறுக்க யாரால் இயலும்? அனுப்பிய செய்தியை அழித்துவிட்டோம் என்று நாம் ஆறுதல் கொள்வதும் அத்தகையதே. நம் கருவியில் அழிந்தது, பெற்றவர் கருவியிலிருந்து வேறெங்கோ போயிருக்கும்.

ஆதலின் குடும்பச் செபம் முடிந்ததும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சில தீர்மானங்கள் செய்துகொள்வது நலம். யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் தெரியாத செய்தியை அனுப்புவதில்லை. அச்சமூட்டும் செய்தி வந்தால் முதலில் காவல் நிலையத்தைக் கேட்பது. குழந்தைக்கு ஆபத்தெனில் 1098 என்ற எண்ணை அழைப்பது. இணைய மோசடியில் பணம் இழந்தால் நாணிக்கொண்டிராமல் உடனே 1930ஐ அழைப்பது. பிறர் படத்தை அவர் இசைவின்றிப் பகிர்வதில்லை. தவறாக அனுப்பிவிட்டால், அதே குழுவில் அதைத் தவறென்று ஒப்புக்கொள்வது. இக்கடைசித் தீர்மானமே மிகக் கடினம். அதுவே மிகத் தேவை.

அந்த மே மாதத்து நாளில் ஒரு குடும்பம் நம்மிடம் கேட்டது வழி ஒன்றைத்தான். நாளையும் எவரேனும் வண்டியை நிறுத்தி நம்மிடம் வழி கேட்பர். அப்போது நாம் கைப்பேசியில் பார்த்ததை நினையாமல், கேட்பவரின் முகத்தைப் பார்ப்போமாக.